பேரணாம்பட்டின் இடது பக்கம்

கேமராவின் தலைப்பக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதற்குள் எண் நகரும். முப்பத்திரண்டு என்று காட்டினால் ரோலில் இன்னும் நான்கு படம் மீதி. தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில், சனிக்கிழமை மதியம் அந்தச் சன்னலைக் குனிந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. நான்கு மீதி என்றால் நான்கு நாய். இரண்டு என்றால் இரண்டு நாய். சில வாரம் கம்பெனி வேலைக்கே முப்பத்தாறும் முடிந்திருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு போய் சிஸ்டரிடம் தலையை மட்டும் ஆட்டுவேன். "பரவால்ல தம்பி, நாய் எங்கயும் ஓடிடாது" என்பார்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை. வேலூரில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆம்பூருக்கு வெளியே அவருடைய அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் இருந்தன. வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வந்து, பெரிய ரோட்டில் லாரியில் அடிபட்ட நாய், வீடு மாறிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன நாய், குட்டியிலேயே சாக்கடையோரம் போடப்பட்ட நாய் என்று கொண்டுவந்து அந்தத் தோப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். நடையில் மட்டும் என்னைவிடச் சின்னவர் மாதிரி இருப்பார். வார்டில் ஓடிப் பழகிய கால்.

அவரை முதலில் பார்த்தது எங்கள் சாம்பிள் ரூம் வாசலில். கையில் ஒரு காலிப் பையோடு வந்து, எங்கள் மேனேஜர் பாயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாய், கட்டிங்ல கழிச்சுப் போடற தோல் துண்டு இருந்தா குடுங்க. நாய்ங்களுக்குக் கழுத்துப்பட்டை தைக்கணும்."

"எவ்ளோ வேணும் சிஸ்டர்?"

"நாப்பது கழுத்துக்கு."

பாய் சிரித்துவிட்டார். "இந்த வாரம் நம்ம ஆர்டரே அவ்ளோ இல்லியே சிஸ்டர்."

நான் அப்போது முழங்காலிட்டு ஒரு ஷூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். புது மாடல் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். நீலத் துணியை விரித்து, இரண்டு பக்கமும் லைட் வைத்து, ஒற்றை ஷூவை அதன் வெளிப்பக்கம் கேமராவைப் பார்க்கும்படி நிறுத்துவோம். எந்த மாடலாக இருந்தாலும் வெளிப்பக்கம்தான். உள்பக்கத்தை யாரும் கேட்டதில்லை. மேல்தோலில் ஒரு பொட்டுக் கீறல் இருந்தால்கூட அந்த ஷூவைத் திருப்பியோ மாற்றியோ வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சிஸ்டர் என் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒத்தை ஷூவுக்கு ரெண்டு லைட்டு, நீலத் துணி, முன்னாடி ஒரு ஆளு முட்டி போட்டு நிக்கறாரு. என் நாய்ங்கள வந்து பாக்கறதுக்கு ஒருத்தரும் இல்ல. படமாச்சும் போய் ஜனங்களப் பாக்கட்டும். வர்றீங்களா தம்பி?"

நான் தலையசைத்தேன். "அவன் பேச மாட்டான் சிஸ்டர்" என்றார் பாய். "தலைய ஆட்டுனா சரின்னு அர்த்தம்." பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். ரோல் முழுதாக முடியாமல் கழுவக் கொடுக்க முடியாது. மீதியிருக்கும் படங்களை வெறும் சுவரை எடுத்துத்தான் முடித்துக்கொண்டிருந்தோம். "சுவத்த எடுக்கறதுக்கு நாய எடு, போ" என்றார்.

எனக்கு மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் என்பதாலா, பிறவியிலேயே அப்படியா என்று தெரியவில்லை. டீக்கடையில் டீ கேட்பதற்கே, வேறு யாராவது கேட்கும்வரை காத்திருந்து "எனக்கும் ஒண்ணு" என்று சொல்லிவிடுவேன். கேமராவுக்குப் பின்னால் மட்டும் அந்தக் கூச்சம் குறையும். கையில் அது இருந்தால் ஏன் முறைத்துப் பார்க்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாய்களுக்கு அந்த மறைப்புகூடத் தேவைப்படவில்லை. என் கையில் தோல் வாசமும் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசமும் எப்போதும் இருக்கும், எந்த சோப்புக்கும் போகாது. தோப்புக்குள் நுழைந்ததும் பத்துப் பதினைந்து நாய் வந்து கையை நக்கும். "சீக்கிரம் எடுத்துடுங்க தம்பி, உங்கள ஒரு பெரிய எலும்புத் துண்டுன்னு நெனச்சிட்டிருக்குதுங்க" என்பார் சிஸ்டர்.

ஒரு நாய்க்கு ஒரே படம். தப்பினால் அடுத்த சனிக்கிழமைதான். அதனால் நான் படம் எடுத்ததைவிட உட்கார்ந்து பார்த்ததே அதிகம். ஒரு நாய் எப்போது காதைத் தூக்கும், எப்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எப்போது தான் தனியாக இருப்பதாக நினைத்து முகத்தைத் தளர்த்தும் என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு முறை அழுத்துவேன்.

நாய்களுக்கு சிஸ்டர் முதலில் பைபிளில் வரும் பெயர்களை வைத்திருந்தாராம். எங்கள் கோயிலில் (சர்ச்சைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) ஒரு அம்மா வந்து, "எங்க மாமியார் பேரும் எஸ்தர்தான் சிஸ்டர், வீட்ல சண்டையாவுது" என்று சொன்னபிறகு அதை விட்டுவிட்டார். பிறகு எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊர்தான் பெயர். "அரக்கோணம், நகரு! காவேரிப்பாக்கத்த கடிக்காத! டேய், அமிர்தி எங்க, மாத்திரை குடுக்கணும்" என்று தோப்பே ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

படங்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில் வைப்பார். கல்யாணம் என்றால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் அதற்குள் சொல்லிவிட வேண்டும். அதே கணக்கைத்தான் சிஸ்டர் நாய்க்கும் வைத்திருந்தார். "தொலைச்சவங்க யாராச்சும் இருந்தா மூணு ஞாயிறுக்குள்ள வந்து தடை சொல்லட்டும். அதுக்கப்பறம் கேட்டவங்களுக்குக் குடுத்துடுவேன்." கல்யாண அறிவிப்புக்குப் பக்கத்திலேயே நாய்ப் படம் இருக்கும். சிரித்தவர்களும் உண்டு. ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று நாய் அப்படி வீடு போய்ச் சேர்ந்தது.

பேரணாம்பட்டை ஒரு பஸ் கண்டக்டர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பேரணாம்பட்டு ரோட்டோரம் கிடந்ததாம். செவலை நிறம், நெஞ்சில் வெள்ளை, பெட்டை. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தத் தோப்பிலேயே அழகான நாய் அதுதான். இடது பக்கம், தோளிலிருந்து தொடை வரை, ஒரு மயிர் கிடையாது. இடது கண்ணும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்து டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் இடங்களில், பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த குழியில் ஊறப்போடுவார்கள். மயிர் கூழாகிக் கழன்றுவிடும். அந்தக் குழியில் இது விழுந்திருக்கிறது. பார்த்த உடனே சிஸ்டருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் நாய் சாப்பிடவில்லை. பார்வையில்லாத பக்கத்திலிருந்து எந்த நாய் வரும் என்று அதற்குத் தெரியாது. அதனால் எப்போதும் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கண்ணால் தோப்பு முழுவதையும் பார்த்தபடி நிற்கும். சோற்றுத் தட்டில் தலையைக் குனிந்தால் அந்த ஒரு கண்ணும் தட்டுக்குள் போய்விடும் அல்லவா, அதற்கு அது தயாராக இல்லை. தனியாகக் கட்டிப்போட்டாலும் மற்ற நாய்களின் சத்தம் கேட்கும். கொஞ்சம் பால் நக்கும், அவ்வளவுதான். சிஸ்டர் கையில் பிசைந்து கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாய்களைத் துணித்தொட்டிலில் வைத்துத் தராசில் தூக்கிப் பார்ப்பார். பேரணாம்பட்டு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. "இத்தன நாய் நடுவுல இவ பிழைக்க மாட்டா தம்பி" என்றார். "வேற நாய் இல்லாத ஒரு வீடு வேணும். சீக்கிரம் வேணும்."

அதனால் அடுத்த ரோலில் முதல் மீதிப் படம் அதற்குத்தான். எடுப்பதற்குச் சுலபமாக இருந்தது. அதுவே இடது பக்கத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வலது பக்கத்தைக் காட்டியபடி நின்றது. காதைத் தூக்கியது. வெயில் செவலை முதுகில் விழுந்தது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பத்து வருடமாக ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பழகிய கை. சிஸ்டர் அந்த வாரம் காய்ச்சலில் இருந்தார். படத்தைப் பலகையில் குத்தியது நான்தான்.

மூன்று ஞாயிறும் முடிந்ததும் ஒரு குடும்பம் வந்தது. ஒரு டீச்சரம்மா, அவருடைய கணவர், ஏழெட்டு வயதில் ஒரு மகள். சிவப்புக் கழுத்துப்பட்டை புதிதாக வாங்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கணவர் உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டினார். பேரணாம்பட்டு சுவரை விடாமல் கழுத்தை மட்டும் நீட்டி முகர்ந்தது. பிறகு பிஸ்கட்டை வாயில் வாங்கிக்கொண்டது. சிஸ்டர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் இன்னொரு பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். அது சுவரை விட்டு வெளியே வந்து திரும்பியது.

அந்தக் குழந்தை கத்தவில்லை. அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே எடுக்கவே இல்லை. டீச்சரம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க இது? படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணு. மூணு வாரமா கொழந்த அந்தப் படத்தையே பார்த்துட்டு நின்னா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்க அவளுக்குச் சொல்லி வச்சிருப்போம் இல்ல?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. அவர்கள் போன பிறகு பார்த்தேன். பேரணாம்பட்டு மறுபடியும் சுவரோரம் நின்றிருந்தது. பிஸ்கட் அதன் காலடியில், கடிக்காமல், அப்படியே கிடந்தது.

சிஸ்டர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "உங்க பேக்டரில அந்தப் பக்கம் கீறல் இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"திருப்பி வச்சு எடுப்போம் சிஸ்டர்."

"பையர் கைக்குப் போனப்பறம் பார்த்தா?"

"ரிஜெக்ட்."

"ம். அதான் பண்ணிட்டுப் போறாங்க." அந்த பிஸ்கட்டைப் பொறுக்கிக்கொண்டே, "அந்தப் பக்கத்த எடுங்க தம்பி" என்றார்.

சொல்வது சுலபம். பேரணாம்பட்டு அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாது. மருந்து போடும்போது மட்டும், சிஸ்டரின் முழங்காலைச் சுவராக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கும். அப்போது எடுப்பது அதைக் கட்டிப்போட்டு எடுப்பது மாதிரி. இரண்டு சனிக்கிழமை போனேன். மீதிப் படங்களை அரக்கோணத்துக்கும் வேறு நாய்களுக்கும் செலவழித்துவிட்டு வந்தேன். மூன்றாவது சனிக்கிழமை சன்னலில் முப்பத்தைந்து. ஒரே ஒரு படம்.

அன்றைக்கு சிஸ்டர் தோப்பு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதற்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாறடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகைப் பக்கம் இரண்டு நாய் கட்டிப் புரண்டு கடித்துக்கொண்டன. சிஸ்டர் எழுந்து ஓடிவிட்டார். பேரணாம்பட்டு வெட்டவெளியில் தனியாக நின்றது. சுவர் தூரத்தில் இருந்தது. நடுவில் சண்டை. அதன் கால் நான்கும் நடுங்கியதைப் பார்த்தேன். நான் அசையவில்லை. அசைந்தால் ஓடிவிடும். அது முழுத் தலையையும் திருப்பி, அந்த ஒற்றைக் கண்ணால் சுற்றிலும் பார்த்தது. பிறகு நேராக என்னிடம் வந்து, இடது பக்கத்தை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு நின்றது.

பேன்ட் துணியையும் தாண்டி அதன் சூடு என் காலில் ஏறியது. நான் எத்தனை ஆயிரம் தோலைத் தொட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கை வைத்ததும் இது ஆடு, இது மாடு, இது எத்தனை நாள் ஊறியது என்று சொல்வேன். அத்தனையும் குளிர்ந்த தோல். மயிர் நீக்கிய தோலுக்குள் இப்படி ஒரு சூடு இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதன் நெஞ்சுத் துடிப்பு ஒன்றுவிடாமல் எனக்குள் அடித்தது. பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று எனக்கு வந்தது. கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் வரும். அது மாதிரி.

சண்டை அடங்கியது. அது என்னிடமிருந்து ஓரடி விலகி நின்றது. இடது பக்கம் முழுவதும் எனக்கு முன்னால் இருந்தது. ஓலை இடுக்கு வழியாக வந்த வெயிலில் தழும்பு சுருக்கம் சுருக்கமாகப் பளபளத்தது. நான் கேமராவை மெதுவாகத் தூக்கினேன். அப்போது அது, நான் இன்னும் இருக்கிறேனா என்று பார்க்க, கழுத்தை முழுவதும் வளைத்து, அந்தத் தோளுக்கு மேலாகத் தன் நல்ல கண்ணைக் கொண்டுவந்து என்னைப் பார்த்தது. அழுத்தினேன். சன்னலில் முப்பத்தாறு.

கழுவி வந்த படங்களை மேனேஜர் பாய்தான் முதலில் பார்ப்பார். ஷூ, ஷூ, ஷூ என்று தள்ளிக்கொண்டே வந்தவர் கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத எடுக்கறப்போ கை ஆடலியாடா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். சிஸ்டர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தினமும் இந்தப் பக்கத்துல மருந்து போடறேன் தம்பி. இன்னிக்குதான் பாக்கறேன்" என்றார். அதன் கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: இந்தப் பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறது. வேறு நாய் இல்லாத வீடு வேண்டும்.

முதல் ஞாயிறே கோயில் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் பலகைக்கு முன்னால் சிஸ்டரை நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா இது, பாக்கவே ஒரு மாதிரி இருக்குது. சின்னப் பசங்க வர்ற எடம். கழட்டிடுங்க."

"ஏன்யா, நம்ம கோயில்ல பாதிப் பேருக்குச் சோறு தோல்ல இருந்துதான் வருது. போர்டுல ஒரு தோல பாக்க முடியலயா உங்களுக்கு?"

அவருடைய மகன்கள் இரண்டு பேரும் டேனரியில்தான் இருந்தார்கள். அவர் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். படம் இருந்தது. ஆனால் யாரும் வரவில்லை. பலகைக்கு முன் வந்தவர்கள் கல்யாண அறிவிப்பைப் படித்துவிட்டு, அந்தப் படத்தின் பக்கம் பார்வை போகாமல் விலகிப் போனார்கள். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. தோப்பில் பேரணாம்பட்டு இப்போது நிற்பதையும் விட்டு, சுவரோரம் படுத்தே கிடந்தது. பாலையும் பாதி நாள் தொடுவதில்லை. மூன்றாம் ஞாயிறும் போனது. "ட்ரிப் ஏத்தறேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார் சிஸ்டர். "நீங்க போர்டுல இருந்து படத்தக் கழட்டிட்டு வந்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போக எனக்குக் கூச்சம். திங்கட்கிழமை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். போனால் அங்கே கல்யாணம். வாசல் முழுக்கப் பட்டுப் புடவையும் வெள்ளை வேட்டியும். ஓரமாக நடந்து பலகைக்குப் போனேன். அதற்கு முன்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். புது வேட்டி, முழுக்கைச் சட்டையை மடித்து விட்டிருந்தார். இரண்டு கையிலும் முழங்கைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர் என்று தெரிந்தது. அவர் நகர்வார், படத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பின்னால் காத்திருந்தேன். அவர் நகரவில்லை. ஒரு விரலைத் தூக்கிப் படத்தின் மேல், அந்தத் தழும்பின் மேல், வைத்தார்.

கேட்காமல் ஒரு அந்நியரிடம் நான் பேசியது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

"அது உயிரோட இருக்குது" என்றேன்.

திரும்பினார். "இன்னா சொன்ன?"

"இருக்குது. இங்கதான், ஆம்பூர்ல. ஒண்ணும் சாப்ட மாட்டேங்குது."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. "நான்தான்பா அத தூக்குனேன். குழியில இருந்து. எங்கிருந்து வந்துச்சோ, அதுக்கு முன்னாடி அத நான் பார்த்ததே இல்ல. சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தா வெள்ளையா ஒண்ணு முங்கிட்டு இருக்குது. எறங்கித் தூக்கி, குழாயடியில வச்சு அரை நாள் தண்ணி ஊத்துனேன். மூணு நாள் எங்கிட்ட இருந்துச்சு. கையில சோறு குடுத்தாதான் தின்னும். மொதலாளி வர்றாருன்னு மேஸ்திரி அத எங்கயோ தொரத்தி உட்டுட்டான். ரோடு ரோடா தேடுனேன். செத்துப் போச்சுன்னு நெனச்சிட்டேன்."

பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. "இதே கல்யாணத்துக்கு நிச்சயம் பண்ண ரெண்டு மாசம் முன்னாடி வந்தேன். அப்பவும் இந்தப் போர்டுல ஒரு செவலை நாய் படம் இருந்துச்சு. பார்த்துட்டுதான் போனேன். செவலை நாய் ஊருக்கு நூறு இருக்குது. இந்தக் காயம் ஒண்ணுதான் இருக்குது."

நான் அழகாக எடுத்து மாட்டிய படத்தின் முன்னால் இவர் நின்றிருக்கிறார். நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அந்த நாயைத் தேடிக்கொண்டிருந்த ஒரே மனிதரிடமிருந்து அதை மறைத்து வைத்தது நான்தான்.

"வாங்க" என்றேன்.

"இரு, இரு" என்று சொல்லி, பக்கத்தில் பந்தி நடக்க இருந்த மண்டபத்துக்குள் ஓடி, ஒரு பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து ஒரு அம்மா, "இன்னாண்ணா, பொண்ணு மாப்ள ஒக்காரவே இல்ல, அதுக்குள்ள பார்சலா?" என்று கத்தினார். "எங்க வீட்டு ஆளுக்கும்மா, ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே என் சைக்கிளின் பின்னால் ஏறினார். வழி முழுக்க, "வேகமா மிதிப்பா, நான் வேணா மிதிக்கட்டா" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தார்.

தோப்பு வாசலில் எங்களைப் பார்த்ததும் நாய்கள் எல்லாம் ஓடி வந்து குரைத்தன. சிஸ்டர் கையில் ட்ரிப் பாட்டிலோடு சுவரோரம் இருந்தார். நான் சொல்வதற்குள் அந்த மனிதர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். உள்ளே போகவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. அவர் வைத்த பெயர் ஒன்றும் கிடையாதாம். நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு சத்தம் செய்தார்.

சுவரோரம் படுத்திருந்தது தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றியது. பின்னங்கால் ஒரு முறை வழுக்கி மறுபடி நின்றது. சிஸ்டர் பிடிக்கப் போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது சுவரை விட்டு வெளியே வந்தது. வாசலுக்கும் சுவருக்கும் நடுவில் ஐம்பது அடியாவது இருக்கும். முழுக்க வெட்டவெளி. இடது பக்கம் கொட்டகை, குரைக்கும் நாய்கள், அதன் கண்ணுக்குத் தெரியாத அத்தனையும். அது அந்தப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மெலிந்த கால்களோடு, நிற்காமல், நேராக நடந்து வந்தது. மற்ற நாய்கள் ஒவ்வொன்றாகக் குரைப்பதை நிறுத்தின. ஏன் நிறுத்தின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்து அவருடைய மடியில் அந்தப் பக்கத்தைச் சாய்த்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்து, மசாலாவைத் தட்டிவிட்டு, வெறும் சோற்றை உருட்டிக் கையில் வைத்தார். அது தலையைக் குனிந்தது. இருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு சாப்பிட்டது.

சிஸ்டர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னும் கொஞ்சம் குடுக்கட்டா சிஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

"ஒரேயடியா வேணாம். கம்மியா குடுங்க. கம்மியா, கம்மியா" என்றார் சிஸ்டர். நர்ஸ் குரல் வந்துவிட்டது. கண் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து, கொண்டுவந்த அதே கண்டக்டரின் பஸ்ஸில் பேரணாம்பட்டு பேரணாம்பட்டுக்குப் போனது. படத்தை அந்த மனிதர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எடுத்த எந்த நாயையும் சுற்றி வந்து, அதன் குறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். சிஸ்டர் இப்போது அரக்கோணத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். தோப்பை அவரிடம் பழகிய இரண்டு நர்ஸ் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது போனில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் எடுத்துக் கொடுக்கிறேன். பெண்கள் சிரிக்கிறார்கள். நூறு எடுக்கலாம் அண்ணா, ஏன் ஒண்ணுக்கு ஒரு மணி நேரம் உட்கார்றீங்க என்று கேட்கிறார்கள். நான் தலையை ஆட்டுவேன்.

பேரணாம்பட்டுக்கு நான் ஒரே ஒரு முறை போனேன், அது போய் ஒரு வருடம் கழித்து, கம்பெனி வேலையாக. அந்த மனிதரின் தெருவைத் தேடிப் போனால் அவர் வேலைக்குப் போயிருந்தார். தெரு நடுவில் செவலையாக ஏதோ கிடந்தது. வெயிலில், கால் நான்கையும் நீட்டி, அந்த இடது பக்கத்தை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவர் பத்தடி தள்ளி இருந்தது. தோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்து நின்று, வண்டிக்காரர் கூப்பாடு போட்டார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ஏய் மகாராணி, எழுந்து வழி உடேன், தெருவே உனக்கா எழுதி வச்சிருக்குது?" என்றது. அது கழுத்தை வளைத்து வண்டியை ஒரு முறை பார்த்தது, என்னையும் ஒரு முறை பார்த்தது. பிறகு தலையை மண்ணில் வைத்துக்கொண்டது. வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டைத் திருப்பி, அதைச் சுற்றிக்கொண்டு போனார்.